கறிவேப்பிலைக்கு மோர், தக்காளிக்கு முட்டை ஓடு: எது பலிக்கும், எது பலிக்காது?

கேள்வி: தாம்பரத்தில் இரண்டாம் மாடியில் தோட்டம் வைத்திருக்கிறேன். சுமார் 20 பைகள். போர் தண்ணீர்தான். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வரும் கழிவு நீரையும் வீணாக்காமல் செடிகளுக்கு ஊற்றுகிறேன். கறிவேப்பிலையின் துளிர் ஒரு வருடமாக மஞ்சளாக வெளுத்து வருகிறது. புளித்த மோர் ஊற்றினேன், துருப்பிடித்த ஆணிகளைப் புதைத்தேன், எப்சம் சால்ட்டை எல்லாச் செடிகளுக்கும் போட்டேன். தக்காளிக் காய் அடியில் கறுத்து அழுகுகிறது. முட்டை ஓடு போட்டும் நிற்கவில்லை. பீர்க்கம் பிஞ்சு வெம்பி விழுகிறது. பிஞ்சைக் கை நீட்டிக் காட்டக் கூடாது என்கிறார் மாமியார். தண்ணீர் தேங்காமல் இருக்க எல்லாப் பைகளிலும் அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டிருக்கிறேன். டீத்தூள், சாம்பல், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் கொடுக்கிறேன். மதியம் தண்ணீர் ஊற்றினால் இலை கருகும் என்பது உண்மையா? இவற்றில் எதை விடுவது, எதைத் தொடர்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணை உறுத்தியது மோரும் ஆணியும் அல்ல, தண்ணீர். செடிக்கு எதைப் போடலாம் என்று தேடித் தேடிப் போட்டிருக்கிறீர்கள். அவ்வளவு அக்கறை உள்ளவர் கையில் செடி வாடுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒன்று போதாததால் வந்தவை அல்ல. ஊற்றும் தண்ணீரின் தன்மையாலும், வேருக்குக் காற்று கிடைக்காததாலும் வந்தவை.

கறிவேப்பிலையிலிருந்து தொடங்குவோம். ஒரு இணுக்கைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நுனித் துளிர்தான் வெளுத்திருக்கிறதா? இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடு கோடாகத் தெரிகிறதா? அப்படியானால் அது இரும்புச்சத்துக் குறை. இரும்பு ஒருமுறை இலைக்குள் போய்விட்டால் அங்கிருந்து எளிதில் நகராது. அதனால் குறை எப்போதும் புதுத் துளிரில்தான் முதலில் தெரியும். மாறாக, அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. முதிர்ந்த இலையில் நரம்புகளுக்கு நடுவே மட்டும் வெளுத்தால் மெக்னீசியம் குறை. எப்சம் சால்ட் என்பது மெக்னீசியம் சல்பேட். இந்த மூன்றாவது குறைக்கு மட்டுமே அதற்கு வேலை உண்டு. அப்போதும் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளித்தால் போதும். எல்லாச் செடிகளுக்கும் மாதந்தோறும் ஒரு ஸ்பூன் என்பது நல்ல பழக்கம் அல்ல. தக்காளிக்கு அதனால் கெடுதலே உண்டு. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இரும்புக் குறை என்றால் ஆணி புதைத்தது சரிதானே என்று தோன்றும். ஆனால் உங்கள் பையில் இருக்கும் செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருவதே இரும்புத் துருதான். ஒரு பை நிறையத் துரு இருக்கும்போது, கூடுதலாக நான்கு ஆணிகளின் துரு எதையும் மாற்றப் போவதில்லை. மண்ணில் இரும்பு ஏராளமாக இருக்கிறது. தண்ணீரில் கரையாத வடிவில் இருப்பதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை. மண்ணின் பி.எச்., அதாவது புளிப்பையும் காரத்தையும் காட்டும் அளவு, 7.5ஐத் தாண்டினாலே இரும்பு கரைவது மிகவும் குறைந்துவிடும். பி.எச். அளவை அப்படி மேலே தூக்குவது போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்ற கார உப்பு. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் தினமும் உங்கள் பைகளுக்குள்ளும் இறங்குகிறது. பையின் விளிம்பிலும் வடிகால் துளையைச் சுற்றியும் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இன்னும் உறுதிப்படுத்த, அந்த மண்ணில் ஒரு ஸ்பூன் எடுத்துக் காயவைத்து, வினிகர் சில சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு சேர்ந்துவிட்டது என்று பொருள்.

இதில் ஆர்.ஓ. கழிவு நீர் நிலைமையை மோசமாக்குகிறது. மெஷினுக்குள் மூன்று லிட்டர் போய் ஒரு லிட்டர் குடிநீராக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று லிட்டரில் இருந்த உப்பு ஏறக்குறைய முழுவதும் மிச்சமுள்ள இரண்டு லிட்டரில் இருக்கும். அதாவது ஒன்றரை மடங்கு. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற உங்கள் எண்ணம் மதிக்கத்தக்கது. அதைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள். செடிக்கு வேண்டாம்.

மோர் விஷயத்தில் நம் பாட்டிமார் சொன்னது வெறும் கதை அல்ல. நன்றாகப் புளித்த மோரில் லாக்டிக் அமிலம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் இருக்கும். கொஞ்சம் புரதமும் உண்டு, அது மட்கித் தழைச்சத்தாகும். சிக்கல் அளவில்தான். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி மோரில் சுமார் 2 கிராம் அமிலம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் பைகார்பனேட் உள்ள தண்ணீராக இருந்தால், அந்த அமிலம் நாலைந்து லிட்டரைத்தான் சரிக்கட்டும். ஒரு கறிவேப்பிலைப் பைக்கு அது இரண்டு நாள் தண்ணீர். மூன்றாம் நாள் பழையபடி கார நீர்தான் இறங்குகிறது. போதாததற்கு மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தைச் சில நாட்களில் தின்று தீர்த்துவிடும். கொல்லைப்புறத்தில் தரையில் நின்ற மரத்துக்கு வேர் ஓட இடம் இருந்தது. வருடாவருடம் ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைக் கழுவி இறக்கியது. அங்கே மோர் ஒரு சின்ன ஊட்டம். 15 லிட்டர் பையில் அது மருந்தாகாது. ஊற்றித்தான் ஆகவேண்டும் என்று ஆசையிருந்தால், உப்புப் போடாத, வெண்ணெய் எடுத்த மோரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து மாதம் இருமுறை ஊற்றுங்கள், கெடுதல் இல்லை.

உடனடியாகப் பலன் தருவது அன்னபேதி உப்பு, அதாவது ஃபெரஸ் சல்பேட். உரக்கடையில் வெளிர்பச்சைப் படிகமாகக் கிடைக்கும்; பழுப்பாக மாறியிருந்தால் வாங்காதீர்கள், அது வீரியம் இழந்தது. ஒரு லிட்டர் மழைநீர் அல்லது ஆர்.ஓ. குடிநீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரையுங்கள். அது இல்லையென்றால் ஒரு மூடி எலுமிச்சைச் சாறு. பிறகு 5 கிராம் அன்னபேதியைச் சேருங்கள். இந்த வரிசை முக்கியம். புளிப்பு இல்லாத போர் தண்ணீரில் அன்னபேதியைப் போட்டால் சற்று நேரத்திலேயே கரைசல் தேநீர் நிறமாகி அடியில் வண்டல் இறங்கும். அதைத் தெளித்துப் பயனில்லை. வெயில் தாழ்ந்த பிறகு துளிர்களின் மேலும் கீழும் நனையத் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. மிச்சத்தை வைத்திருந்து மறுநாள் அடிக்க வேண்டாம். தரை ஓட்டில் சிந்தினால் துருக்கறை படியும், சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். தெளித்த இலையைப் பத்து நாள் சமையலுக்குப் பறிக்காதீர்கள். அதன் பிறகும் நன்றாக அலசியே பயன்படுத்துங்கள்.

இலையில் தெளிப்பது அப்போதைக்குத்தான். மண் வழியாகக் கொடுக்க விரும்பினால் கடையில் இரும்புச் சீலேட், அதாவது இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் மருந்து, கேட்பீர்கள்; பெரும்பாலும் இ.டி.டி.ஏ. (EDTA) வகையை எடுத்துத் தருவார்கள். அது கார மண்ணில் இரும்பைப் பிடித்து வைக்காது. இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று பாக்கெட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விலை கூடுதல், ஆனால் பி.எச். 8இலும் வேலை செய்யும். கரைத்தால் அடர்ந்த சிவப்பாக இருக்கும். அளவு பாக்கெட்டில் உள்ளபடி.

நிலையான தீர்வு மழைநீர். வடகிழக்குப் பருவமழையில் பைகளை மறைக்காமல் நனைய விடுங்கள். அதற்கு முன் மழைநீர் சேர்ந்திருந்தால், 15 லிட்டர் பைக்கு 30 லிட்டர் வீதம் மெதுவாக விட்டு அடியில் வடிய வையுங்கள். சேர்ந்த உப்பு பெருமளவு இறங்கிவிடும். கறிவேப்பிலை, இட்லிப்பூ, ரோஜா, மல்லிகை ஆகியவற்றுக்கு மட்டுமாவது ஒரு டிரம் மழைநீரை ஒதுக்கி வைப்பது நல்லது. இவற்றுக்குச் சாம்பலும் முட்டை ஓடும் கூடவே கூடாது. இரண்டும் காரத்தை இன்னும் ஏற்றும்.

அடுத்தது ஜல்லி. நீங்கள் கேட்ட எல்லாவற்றிலும் இதைத்தான் மிக அவசரமாகக் கைவிடச் சொல்வேன். ஏனென்றால் இது எல்லோரும் நம்புகிற, பார்வைக்கு நியாயமாகத் தோன்றுகிற தவறு. கல் இடுக்கில் தண்ணீர் ஓடிவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் நுண்ணிய துளைகள் உள்ள மண், தன்னிடம் இருக்கும் தண்ணீரைப் பெரிய இடைவெளி உள்ள கல் அடுக்குக்குச் சும்மா விட்டுத் தராது. மண்ணின் அடிப்பகுதி முழுவதும் சொதசொதவென்று நனைந்து, இனி தாங்காது என்ற நிலை வந்த பிறகுதான் கீழே சொட்டும். வடிந்து முடிந்த பிறகும் அந்த ஈர அடுக்கு அப்படியே நிற்கும். ஜல்லி இல்லாவிட்டால் அது பையின் அடிமட்டத்தில் நிற்கும். ஜல்லி இருந்தால் இரண்டு அங்குலம் மேலே ஏறி, வேருக்கு நடுவே நிற்கும்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றில் இதைக் கண்ணால் பார்க்கலாம். புது ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி, பிழியாமல் கிடைமட்டமாகப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். இப்போது அதைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மீண்டும் தண்ணீர் கொட்டும். ஸ்பாஞ்ச் அதேதான், உயரம்தான் கூடியது. மண் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நன்றாக வடியும். 12 அங்குலப் பையில் இரண்டு அங்குலத்தைக் கல்லுக்குக் கொடுத்தால் வடிகாலைக் கெடுத்துக்கொள்கிறோம். மாடிக்குத் தேவையில்லாத பாரம் வேறு. கறிவேப்பிலை வெளுப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. எப்போதும் ஈரத்தில் மூச்சுத்திணறும் வேரால், மண்ணில் கரைந்திருக்கும் கொஞ்சம் இரும்பைக் கூடச் சரியாக எடுக்க முடியாது.

பையைக் கவிழ்க்க முடிகிற செடிகளுக்கு ஜல்லியை எடுத்துவிடுங்கள். காய்த்துக்கொண்டிருப்பவற்றைத் தொந்தரவு செய்ய வேண்டாம்; அடுத்த நடவில் மாற்றலாம். துளையை மண் அடைக்காமல் இருக்க ஒரு துண்டு கொசுவலையோ, குழிவு கீழே பார்க்க ஓர் ஓட்டுச் சில்லோ போதும். அடியில் அரை அங்குலத் துளை நான்காவது இருக்க வேண்டும். பைக்குப் பக்கவாட்டிலும் ஓர் அங்குல உயரத்தில் இரண்டு மூன்று துளைகள் போடுங்கள். பையைத் தரையில் அப்படியே வைத்தால் துளை அடைபடும். செங்கல் துண்டுகளின் மேல் தூக்கி வையுங்கள், தளமும் தப்பிக்கும். மண் கலவை செம்மண், கழுவி உப்பு நீக்கிய தேங்காய் நார்த்தூள், நன்றாக மட்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு இருக்கட்டும். நார்த்தூளைக் கழுவாமல் போடுவதும் உப்புக்கு ஒரு காரணம். ஊறவைத்து, வடிகிற தண்ணீரின் பழுப்பு நிறம் நன்றாக வெளிறும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள்.

தக்காளி அடியில் கறுப்பது நோய் அல்ல, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேராத குறை. அதனால்தான் முட்டை ஓடு என்று சொல்கிறார்கள். இங்கேயும் ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. நொறுக்கிப் போட்ட ஓடு கார மண்ணில் வருடக்கணக்கில் கரையாமல் கிடக்கும். போன வருட ஓடு இன்றும் பையைக் கிளறினால் வரும். உங்கள் போர் தண்ணீரோ கடினநீர். லிட்டருக்கு 75 மில்லிகிராம் கால்சியம் என்று வைத்தாலும், தினமும் இரண்டு லிட்டர் ஊற்றினால் இரண்டு வாரத்துக்குள் ஒரு முட்டை ஓட்டின் கால்சியம் கரைந்த வடிவிலேயே கிடைத்துவிடுகிறது.

பிறகு ஏன் காய்க்குப் போகவில்லை? கால்சியம் தண்ணீரோடு மட்டும்தான் செடிக்குள் பயணம் செய்யும். அந்தத் தண்ணீரைப் பெருமளவு இழுப்பவை வெயிலில் ஆவியாக்கும் இலைகள். காய் இழுப்பது மிகக் குறைவு. ஒரு நாள் மதியம் மண் காய்ந்து செடி துவண்டால், அந்த வேளையில் காய்க்குக் கால்சியம் வருவது நின்றுவிடும். காய் கோலிக்குண்டிலிருந்து எலுமிச்சை அளவுக்குப் பெருக்கும் சமயத்தில் இப்படி நடந்தால், காம்புக்கு எதிர்ப்புறத்துத் திசுக்கள் சாகின்றன. கறுப்பு கண்ணுக்குத் தெரிவது சில நாள் கழித்து. தவறு நடந்த நாளை நாம் மறந்திருப்போம். எப்சம் சால்ட்டின் மெக்னீசியமும், சாம்பலின் பொட்டாசியமும் வேர் கால்சியத்தை எடுப்பதற்குப் போட்டியாக நிற்பவை. ஒரு கையால் முட்டை ஓடு கொடுத்து மறு கையால் எப்சம் சால்ட் போட்டது இதனால்தான் உதவவில்லை.

கறுத்த காய் தேறாது, பறித்துவிடுங்கள். செடி அடுத்த காய்க்குத் தெம்பாக இருக்கும். ஒரு செடிக்கு 15 முதல் 20 லிட்டர் மண் கொடுங்கள், சின்னப் பையில் ஈரத்தைச் சீராக வைக்கவே முடியாது. மேலே இரண்டு அங்குலம் காய்ந்த சருகு மூடாக்குப் போடுங்கள். காலையில் அடியில் வடியும்வரை தண்ணீர், பங்குனிக்கு மேல் மாலையிலும் பாதி அளவு. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரமாக இருந்தால் அந்த வேளை தண்ணீர் வேண்டாம். முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்து மட்கு உரக் கூடையில் போட்டுவிடுங்கள். அங்கே புளிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

பீர்க்கம் பிஞ்சு பற்றி மாமியார் சொல்வது பல ஊர்களிலும் உள்ள நம்பிக்கை. பிஞ்சைத் தொட்டுத் திருப்பிப் பார்ப்பதைத் தடுத்த அளவில் அதனால் நன்மையே இருந்திருக்கும். அவர் மனம் நோக வாதம் செய்ய வேண்டாம். வெம்பலுக்கு மட்டும் வேறு காரணம் தேட வேண்டும். பீர்க்கின் பெண் பூவுக்கு அடியில் விரல் மாதிரி ஒரு பிஞ்சு ஆரம்பத்திலேயே இருக்கும். மகரந்தம் சேராவிட்டால் அந்தப் பிஞ்சு நாலைந்து நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழும். நமக்குக் காய்த்து வெம்பியது போலத் தெரியும். உண்மையில் அது காயாகவே இல்லை.

பூசணி, வெள்ளரி, பாகல் விடியற்காலையில் பூக்கும். அவற்றுக்குத் தேனீ வரும். பீர்க்கும் சுரையும் மாலையில் பூக்கும், புடலை இருட்டும் வேளையில். இரண்டாம் மாடிக்கு அந்த நேரத்தில் பூச்சி வருவது நிச்சயமில்லை. எனவே மாலை 6 மணி முதல் 8 மணிக்குள் நீங்களே செய்துவிடுங்கள். ஆண் பூ கொத்தாக நீண்ட காம்பில் இருக்கும், அடியில் பிஞ்சு இருக்காது. அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை மடக்கி, நடுவிலுள்ள மஞ்சள் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுமுடியில் மென்மையாக எல்லாப் பக்கமும் தடவுங்கள். மகரந்தம் விரலில் பொடியாக ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் வேறு பூவை எடுங்கள். காம்பில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். மூன்றாம் நாள் பிஞ்சு நீளத் தொடங்கினால் காய் பிடித்துவிட்டது என்று பொருள். கொடி பூக்கத் தொடங்கிய முதல் இரண்டு வாரம் ஆண் பூ மட்டுமே வருவது இயல்பு, கவலை வேண்டாம்.

சற்றுப் பெரிதான பிஞ்சில் ஊசி குத்தியது போலப் புள்ளியும், அதில் பிசினும், காய் ஒரு பக்கம் வளைவதும் தெரிந்தால் அது பழ ஈ. நறுக்கினால் உள்ளே வெண்புழு நெளியும். அப்படிப்பட்ட காய்களை உரக் கூடையில் போடாதீர்கள். புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மீண்டும் ஈயாக வரும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி இரண்டு நாள் வெயிலில் வைத்து அழியுங்கள். பொறி வாங்குவதானால் கியூலூர் என்ற ஈர்ப்பு மருந்து வைத்ததாகக் கேளுங்கள். மாம்பழ ஈக்கு உரிய மெத்தில் யூஜினால் பொறி கொடிக்காய்களுக்குப் பயன்படாது. கியூலூர் பொறியிலும் ஆண் ஈக்கள் மட்டுமே விழும். எனவே பூ வாடியதும் பிஞ்சுக்குக் காகிதப் பை மாட்டுவது இன்னும் நிச்சயமான காவல்.

டீத்தூளைப் பால், சர்க்கரையோடு அப்படியே போடாதீர்கள். எறும்பு வரும், எறும்பு மாவுப்பூச்சியைத் தூக்கி வந்து செம்பருத்தியில் குடிவைக்கும். அலசிக் காயவைத்து மட்கில் சேர்த்தால் நல்ல தழைச்சத்து. அரிசி களைந்த தண்ணீரை அன்றே ஊற்றிவிடுங்கள். தண்ணீருக்குத் தண்ணீர், கொஞ்சம் சத்தும் உண்டு, தாராளமாகத் தொடரலாம். உப்புப் போட்டு வடித்த கஞ்சி மட்டும் வேண்டாம்.

மதியத் தண்ணீரால் இலை கருகுவதில்லை. நீர்த்துளி பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவிக்கும் என்ற நம்பிக்கையை ஹங்கேரி ஆய்வாளர்கள் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். வழுவழுப்பான இலைமேல் கண்ணாடிக் குண்டு வைத்தபோது கருகியது, நீர்த்துளி இருந்தபோது கருகவில்லை. மெழுகுத் தன்மையுள்ள ரோமம் துளியை உயர்த்திப் பிடிக்கும் நீர்ப்பெரணி போன்ற இலையில்தான் கருகல் வந்தது. எனவே மதியம் செடி துவண்டிருந்து, விரல் வைத்தால் மண்ணும் காய்ந்திருந்தால், மாலைவரை காக்க வைக்காமல் ஊற்றுங்கள். ஒரே ஒரு கவனம் வேண்டும். மாடியில் கறுப்பு டேங்கிலும் வெயிலில் கிடக்கும் ஓஸ் பைப்பிலும் உள்ள தண்ணீர் சித்திரை மதியத்தில் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். இலையும் மேல் வேரும் வெந்துபோவது அதனால்தான். பைப்பில் நிற்கும் சூட்டுத் தண்ணீரை முதலில் ஒரு வாளியில் பிடித்து நிழலில் வையுங்கள். பிறகு வருவதைக் கையில் விட்டுப் பாருங்கள். அதுவும் சூடாக இருந்தால் டேங்க்கே காய்ந்திருக்கிறது. காலையிலேயே இரண்டு வாளி பிடித்து நிழலில் வைத்திருந்து, கைக்கு இதமான அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.